கிண்ணத்தார் நக்கிப் பார்க்காத தண்ணீர்

மன்னார்த் தீவிலுள்ள கிணறுகள் அத்தனையின் தண்ணீரையும் நக்கிப் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவரோடு ஒரே கந்தோரில், ஒரே மின்விசிறிக்குக் கீழே ஒன்பது வருடம் வேலை செய்தவள் நான் என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அத்தனையும் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். தலைமன்னார்ப் பக்கம் இரண்டு மூன்று கிணறுகள் விடுபட்டிருக்கலாம். அந்த வளவுகளில் நாய் நின்றது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கந்தோரின் பெயர் இடாப்பில் மட்டும் இருந்தது. மற்றபடி எங்கள் பெரியவர் தொடக்கம் வாசற் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கிண்ணத்தார்தான். காரணம், அவருடைய மேசையில் கோப்புகளுக்கும் தொலைபேசிக்கும் நடுவே எந்நேரமும் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் தண்ணீரோடு இருக்கும். புதிதாக மாற்றலாகி வந்த லிகிதர் ஒருவர், அது முத்திரை ஒட்ட வைத்த தண்ணீர் என்று நினைத்து விரலைத் தோய்த்துவிட்டார். கிண்ணத்தார் கதிரையை விட்டு எழும்பினார்.

"தம்பி, காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"புட்டும் மீன் சொதியும் அண்ணை."

கிண்ணத்தார் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று தரம் கழுவிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்தத் தம்பி அவருடைய மேசையைக் கடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார்.

கிண்ணத்தில் என்ன நடக்கிறது என்று அறிய எனக்கு ஒரு கிழமைக்கு மேல் பொறுமை இருக்கவில்லை. தேத்தண்ணி நேரத்தில் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய் இருந்தேன். மனிதர் ஒரு தாளிலிருந்து அரிசி அளவான துண்டொன்றைச் சவர அலகால் வெட்டினார். சின்னக் குறட்டால் பிடித்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார். உதடு மட்டும் அசைய முப்பது வரை எண்ணினார். பிறகு துண்டை எடுத்து ஒரு சின்னப் பஸ்ஸின் பக்கத்தில் வைத்து, தூரிகையின் நுனியால் மெல்லத் தள்ளினார். தாள் இந்தப் பக்கம் வந்தது. அதிலிருந்த எழுத்து மட்டும் வழுக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் உட்கார்ந்தது.

"ஸ்டிக்கர்தானே அண்ணை?" என்று கேட்டேன்.

"ஸ்டிக்கர் ஓட்டோவுக்கு ஒட்டுறது பிள்ளை. ஸ்டிக்கருக்குத் தடிப்பு இருக்கு, நகத்தால கிளப்பலாம். இது டெக்கல். இஞ்ச, கிளப்பிப் பாருங்கோ பாப்பம்."

காய்ந்த ஒன்றைக் காட்டினார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஓரம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தாளின் மேல் பசை, பசையின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம், படலத்தின் மேல் நாங்கள் அச்சடிக்கும் படம். தண்ணீரில் பசை இளகினால் படம் தாளை விட்டு வந்துவிடும். அதன் சூட்சுமம் முழுக்க அவ்வளவுதான். வீட்டுக் கணினியில் படத்தைக் கீறி, வீட்டு அச்சு இயந்திரத்தில் அடித்து, மை கரையாமல் இருக்க மேலே தெளிந்த வார்னிஷ் பூசிக் காயவிடுவார். வார்னிஷ் மணத்துக்கு மனைவிக்குத் தலையிடி வருமென்பதால், பூசுவது, வெட்டுவது, ஊறவிடுவது, ஒட்டுவது எல்லாம் அரசாங்க நேரத்தில் கந்தோரில் நடந்தன.

அந்தப் பஸ் உள்ளங்கைக்குள் அடங்கும். மன்னார் வவுனியா வீதியில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் நகல். முன் கண்ணாடியில் அந்தோனியார், பின் கண்ணாடியில் சாரதியின் மகளின் பெயர், பக்கத்தில் கையையும் தலையையும் வெளியே நீட்ட வேண்டாமென்ற வாசகம், எல்லாம் டெக்கல். டோர்ச் வெளிச்சத்தை யன்னலுக்குள் அடித்துப் பார்த்தால், முதல் ஆசனத்துக்கு மேலே மதகுருமாருக்கு என்ற எழுத்தும் இருந்தது.

"உள்ளுக்குள்ள இருக்கிறதை ஆர் அண்ணை பாக்கப்போயினம்?"

"பஸ்ஸுக்குள்ள ஏறுறவன் பாப்பான்" என்றார் அவர். பகிடி விடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

இன்னொருமுறை ஒரு களிமண் கழுதை செய்துகொண்டு வந்தார். எங்கள் ஊர்க் கழுதைகள் மதிலில் ஒட்டும் தேர்தல் சுவரொட்டிகளைப் பிய்த்துத் தின்பது தெரிந்த விசயம். இந்தக் கழுதையின் வாயிலும் ஒரு சுவரொட்டி, கைவிரல் நகத்தளவு. அதில் வேட்பாளரின் ஒரு கண்ணும் பாதி மீசையும் மிச்சமிருந்தன. எந்த வேட்பாளர் என்று அந்தப் பாதி மீசையை வைத்தே கந்தோரில் எல்லோரும் சொல்லிவிட்டோம். பெரியவர் பயந்துபோய்க் கழுதையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்.

கந்தோரின் கலர் லேசர் பிரிண்டர் என் பொறுப்பில் இருந்தது. கிண்ணத்தாருக்கு அதன் மேல் நெடுநாளாக ஒரு கண். லேசரில் அடித்த படத்துக்கு வார்னிஷ் பூசாவிட்டாலும் தண்ணீரில் மை கரையாதாம். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து ஒரு தாளை உள்ளே விட்டிருக்கிறார். அது லேசருக்கு உரிய தாள் அல்ல. சூடு தாங்காமல் படலம் உருகி உருளையில் ஒட்டிக்கொண்டது. அவர் அடித்தது, தான் செய்த சின்ன மீன்பெட்டிகளுக்கு ஒட்டும் இறால் படம். பிறகு மூன்று கிழமையாக எங்கள் கந்தோரிலிருந்து போன கடிதங்கள் எல்லாவற்றிலும் பெரியவரின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு இறால் இருந்தது. கொழும்பிலிருந்து ஒரு பதில் வந்தது: உங்கள் புதிய இலச்சினைக்கு முறைப்படி அனுமதி பெறப்பட்டதா?

பெரியவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து கிண்ணத்தாரின் முன்னால் நின்றார். கிண்ணத்தார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சேர், மீசை நல்லா விழுந்திருக்கு" என்றார்.

பெரியவருக்கும் மீசை உண்டு. இறாலின் மீசையைத்தான் சொல்கிறார் என்று விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

இனிக் கிணறுகளுக்கு வருகிறேன். டெக்கலை எப்படித்தான் கவனமாக ஒட்டினாலும் காய்ந்த பிறகு அதில் பனிமூட்டம் போல வெள்ளையாக ஒரு புகார் படிந்தது. மாதக் கணக்காக அவர் தாளைச் சந்தேகித்தார், மையைச் சந்தேகித்தார், மனைவியின் சவுக்காரத்தைச் சந்தேகித்தார். கடைசியில் கிண்ணத்துத் தண்ணீரில் விரலைத் தோய்த்து நக்கிப் பார்த்தார். கடலுக்கு நடுவில் கிடக்கும் எங்கள் தீவில் முக்கால்வாசிக் கிணறு உவர்தான். உப்புத்தான் டெக்கலில் பூக்கிறது என்று கண்டுபிடித்ததும், உப்பில்லாத கிணறு ஒன்றாவது இருக்காதா என்று சைக்கிளில் புறப்பட்டார்.

"கடையில வடிகட்டின தண்ணி கான் கணக்கில வருதே, அதை வாங்குங்கோவன்" என்றேன்.

"அதுக்க என்ன மருந்து போடுறாங்களோ ஆர் கண்டது? கிணறெண்டால் நான் எட்டிப் பாக்கலாம்."

சட்டைப் பையில் கொப்பியோடும் கையில் போத்தலோடும் ஒருவர் வீடு வீடாக வந்து, தண்ணீர் அள்ளி நக்கிப் பார்த்து எழுதிக்கொண்டு போனால் சனம் என்ன நினைக்கும்? குழாய்த் தண்ணீர்த் திட்டத்துக்கு அளவெடுக்கிறார்கள் என்று நினைத்தது. எங்கள் ஒழுங்கைக்கு எப்போது குழாய் வரும் என்று அவரை மறித்துக் கேட்டார்கள். ஒரு வீட்டில் கோழி அடித்துச் சமைத்தே போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, "உங்கட தண்ணி டெக்கலுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

உப்புக்குளத்தில் என் வீட்டுக்கும் வந்தார். மறுநாள் கொப்பி மேசையில் திறந்து கிடந்தது. "உப்புக்குளம், பிரிண்டர்ப் பிள்ளை வீடு. படுமோசம். தீவிலேயே கடைசி. டெக்கலுக்கும் ஆகாது, மனிசருக்கும் ஆகாது."

"அப்ப நான் மனிசர் இல்லையோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த வரியில் "மனிசருக்கும் ஆகாது" என்பதை மட்டும் வெட்டியிருந்தார். மற்றது அப்படியே இருந்தது.

முடிவில் அவர் மழைத் தண்ணீரில் வந்து நின்றார். மார்கழி மழையைக் கூரையிலிருந்து பிடித்துப் போத்தல்களில் அடைத்து, முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று பெயரொட்டி, கோப்புகள் இருக்க வேண்டிய அலுமாரியில் அடுக்கினார். கோப்புகள் அலுமாரிக்கு மேலே ஏறின.

இதெல்லாம், ஓலைத்தொடுவாயிலிருந்து சிசிலியா வரும் வரைக்கும் எங்களுக்கு வெறும் விளையாட்டுத்தான்.

சிசிலியாவின் கணவர் அந்தோனி கடலுக்குப் போன இடத்தில் படகின் எஞ்சின் நின்று, மூன்று நாள் அலைந்திருக்கிறார். மூன்றாம் நாள் வேற்றூர்ப் படகொன்று கண்டு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தது. அவர் வராத அந்த நாட்களில் சிசிலியா மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள்: என் மனிசனைத் திருப்பித் தந்தால், அவருடைய படகை உள்ளது உள்ளபடி சின்னதாகச் செய்து ஆவணித் திருவிழாவுக்கு உமது காலடியில் கொண்டுவந்து வைப்பேன். இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தப் படகை மடுவில் வைக்கும் வரைக்கும் அந்தோனி கடலில் கால் வைக்கக் கூடாது என்று இன்னொன்றையும் சேர்த்துவிட்டாள். அது மாதா கேட்டது அல்ல, சிசிலியா தானாகச் சேர்த்தது.

கிண்ணத்தாரின் பஸ்ஸைப் பற்றி யாரோ சொல்லி, இருவருமாகக் கந்தோருக்கு வந்தார்கள்.

"அண்ணை, சும்மா போட் மாதிரி ஒண்டு எண்டால் கடையில வாங்கியிருப்பன். எனக்கு எங்கட போட் வேணும்" என்றாள் சிசிலியா. "உள்ளது உள்ளபடி எண்டு மாதாவுக்குச் சொல்லிப்போட்டன்."

உள்ளது உள்ளபடி! கிண்ணத்தாரிடம் யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் அவரிடம் கேட்டதெல்லாம் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றுதான். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஓலைத்தொடுவாய்க்குப் போய், கரையில் ஏற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த படகைப் பக்கத்துக்குப் பக்கம் படமெடுத்து, தையல்காரரின் நாடாவால் ஒவ்வொரு எழுத்தையும் அளந்தார். நீலப் படகு. முன்பக்க அணியத்தில் மஞ்சள் எழுத்தில் "மடு மாதா" என்று அந்தோனியே எழுதியிருந்தார். கடைசி எழுத்துக்குக் கீழே பெயின்ற் ஒரு விரலளவுக்கு ஒழுகிக் காய்ந்திருந்தது.

"அந்த ஒழுக்கை விடுங்கோ அண்ணை, வெக்கமாக் கிடக்கு" என்றார் அந்தோனி.

"உங்களுக்கு வெக்கமெண்டு மாதாவுக்குப் பொய் சொல்லேலுமோ?" என்று கேட்டுக்கொண்டே கிண்ணத்தார் ஒழுக்கையும் அளந்தார்.

ஒரு சாண் நீளத்தில் முள்முருங்கை மரத்தில் படகு செதுக்கி முடிய ஒரு மாதம். டெக்கல் வேலை தொடங்கியதும் இடிமேல் இடி. முதல் தரம் கண்ணாடிப் படலம் உள்ள தாளில் மஞ்சள் எழுத்தை அச்சடித்து நீலப் படகில் ஒட்டினார். கீழேயிருந்த நீலம் மஞ்சளுக்குள்ளால் தெரிந்து எழுத்தெல்லாம் பச்சையாகிவிட்டது.

"எங்கட போட்டில பச்சை ஒண்டுமில்லையே அண்ணை" என்றாள் சிசிலியா, குரலை நன்றாகத் தாழ்த்தி.

ஆகவே அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளைப் படலம் உள்ள தாளில் அச்சடித்து, ஒவ்வொரு எழுத்தையும் அதன் ஓரத்தை ஒட்டித் தனித்தனியே வெட்டியெடுக்க வேண்டி வந்தது. சோளகக் காற்று வீசும் காலம். எழுத்து பறந்துவிடுமென்று யன்னல்களைச் சாத்தினார், மின்விசிறியையும் நிறுத்தினார். கந்தோர் முழுவதும் வேர்த்துக் கொட்டியது. அப்படியிருந்தும் ஓர் எழுத்து காணாமல் போனது. பெரியவர் உட்பட எல்லோரும் மேசைகளுக்குக் கீழே தவழ்ந்து தேடினோம். பின்னேரம் நான் வீட்டுக்குப் போனதும் என் மனிசன் கேட்டார், "முழங்கையில என்னப்பா 'மா' எண்டு எழுதிக் கிடக்கு?" வேர்வைத் தண்ணீருக்கே பசை இளகி, டெக்கல் என் முழங்கையில் அழகாக ஒட்டிவிட்டது. பஸ்ஸில் எத்தனை பேர் வாசித்தார்களோ தெரியாது. கழுவிப் பார்த்தேன், போகவில்லை. அவ்வளவு நல்ல வேலை.

இதற்கிடையில் அந்தோனி தினமும் கந்தோருக்கு வரத் தொடங்கினார். கடலுக்குப் போக முடியாது, வீட்டில் இருக்கவும் முடியாது. பொதுசனங்கள் உட்காரும் நீள வாங்கில் காலையில் வந்து இருப்பார், நாங்கள் பூட்டும்போது எழும்புவார். வருகிறவர்களுக்கு எந்த விண்ணப்பம், எந்த மேசை என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் எங்களை விட அவருக்கே வேலை நன்றாகத் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் இல்லாத நேரங்களில் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு குனிந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பெரிய கவலையாக இருக்கும்.

"அண்ணை, நல்லா வராட்டிலும் பரவாயில்லை, தாங்கோ" என்று ஒருநாள் கெஞ்சினார். "போட் வெயிலில வெடிக்கப்போகுது. எனக்குத் தரையில நித்திரை வருகுதில்லை."

"திருவிழாவுக்கு முதல் தருவன் அந்தோனி. உங்களுக்காக இல்லை, அந்தப் பிள்ளை குடுத்த வாக்குக்காக" என்றார் கிண்ணத்தார். சொல்லிவிட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாள் கொழும்பிலிருந்து தபாலில் வர வேண்டும். கையில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. மழைத் தண்ணீரும் அடிப்போத்தலில்தான் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துச் சிசிலியா ஒரு போத்தலோடு வந்தாள். மடுவுக்குப் போன யாரிடமோ சொல்லி எடுப்பித்த தீர்த்தம்.

"சும்மா தண்ணி வேண்டாமண்ணை. இதில தோய்ச்சு ஒட்டுங்கோ."

கிண்ணத்தார் போத்தலை இரண்டு கைகளாலும் வாங்கினார். எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது அந்த முகம். "பிள்ளை, யோசிச்சுப் பாருங்கோ" என்று என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "மடு எங்க கிடக்கு? காட்டுக்க. கடல் எங்க கிடக்கு? உப்பு எங்கயிருந்து வரும்? இவ்வளவு காலமும் நான் தீவுக்குள்ள தேடித் திரிஞ்சிருக்கிறன்."

"ஒருக்கா நக்கிப் பாத்திட்டுச் செய்யுங்கோ அண்ணை."

அவர் என்னை ஏறெடுத்துப் பார்த்தார். "தீர்த்தத்தையோ? நக்கியோ?" என்றார். கிண்ணத்தை ஏழு தரம் கழுவி, தீர்த்தத்தை விட்டு, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். கடைசித் தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு போய் இருந்தன. ஒழுகின பெயின்ற்றும் தன் இடத்தில் இருந்தது. படகு முழுவதையும் தீர்த்தத்தால் ஒருமுறை துடைத்து, ஈரம் காய்ந்ததும் காயாததுமாக மேலே வார்னிஷை மூன்று பூச்சுப் பூசி, பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் காலை சிசிலியாவும் அந்தோனியும் பயணப் பையோடு வந்தார்கள். பதினொரு மணி பஸ்ஸில் மடுவுக்குப் போக வேண்டும். கிண்ணத்தாரும் லீவு போட்டு, வெள்ளை உடுப்போடு வந்திருந்தார். கந்தோரில் ஒருவரும் தங்கள் மேசையில் இல்லை. அவர் ரின்னைத் திறந்தார்.

நீலப் படகு முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. எழுத்தின் மேல், ஓரத்தில், அணியத்தில், எல்லா இடத்திலும் வார்னிஷுக்குக் கீழே உப்பு அடைபட்டுக் கிடந்தது. துடைக்க வழியில்லை.

கிண்ணத்தார் முதலில் கதிரையைத் தேடி இருந்தார். பிறகு தன் நெற்றியில் தானே ஓங்கி அறைந்தார்.

"உப்புப் போட்டல்லோ தீர்த்தம் மந்திரிக்கிறது! சின்னனில பூசைக்கு உதவி செய்யேக்க பாதருக்குப் பக்கத்தில உப்புத் தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவனே நான்தான். ஐயோ, நான்தான்!"

தீவு முழுவதும் நக்கித் திரிந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தண்ணீரை மட்டும் மரியாதைக்காக நக்காமல் விட்டிருக்கிறார். வேறு நாளென்றால் நான் சிரித்து உருண்டிருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தோனி சுவரோடு சாய்ந்து நின்றார், மனிதருக்கு இன்னொரு வருடம் தரைதான் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

"நான் இதைத் தரமாட்டன் பிள்ளை" என்றார் கிண்ணத்தார். "உள்ளது உள்ளபடி எண்டு கேட்டனீங்கள். இது பிழை. பஸ்ஸை விடுங்கோ. நான் கொழும்புக்குப் போய்த் தாள் வாங்கிக்கொண்டு வாறன்."

சிசிலியா படகைக் கையில் எடுத்து யன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இஞ்ச வாங்கோப்பா" என்று அந்தோனியைக் கூப்பிட்டாள். "இழுத்துக்கொண்டு வந்து கரையில விட்ட அண்டைக்கு போட் எப்பிடிக் கிடந்தது?"

அந்தோனி எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இப்பிடித்தான்" என்றார். "மூண்டு நாள் அடிச்ச தண்ணியெல்லாம் அதிலதானே காஞ்சது. பேர் கூடத் தெரியேல்லை."

"உங்களைத் தொட முதல் நான் போட்டைத்தான் தொட்டனான். கையெல்லாம் உப்பு" என்றாள் சிசிலியா. பிறகு கிண்ணத்தார் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் அளந்தது நாங்கள் கழுவி வைச்ச போட்டை. நான் மாதாவிட்டக் கேட்டது இந்த போட்டைத்தான்."

எங்கள் பெரியவர் மூக்கைச் சிந்தினார். நான் பிரிண்டர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் புகழை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்கள். கிண்ணத்தாரால் அது முடியவில்லை.

"பிள்ளை, நான் வேணுமெண்டு செய்யேல்லை. அது தானா வந்தது" என்றார்.

"இவரும் தானா வரேல்லை அண்ணை, மாதாதான் கூட்டிக்கொண்டு வந்து விட்டவ" என்று சொல்லிவிட்டு, சிசிலியா படகை ரின்னில் வைத்து மூடினாள். மூவரும் பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

மடுவில் படகை வைத்துவிட்டுக் கிண்ணத்தார் செய்த முதல் வேலை, கோவில் வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியில் விரலைத் தோய்த்து நெற்றியில் வைத்துவிட்டு, மிச்சத்தை நக்கிப் பார்த்ததாம். அந்தோனிதான் வந்து சொன்னார். அவர் சொன்ன கையோடு கடலுக்குப் போய்விட்டார். அடுத்த கிழமை ஒரு பை நிறைய விளைமீன் கந்தோருக்கு வந்தது. வாங்கு வெறுமையாகிவிட்டதால், எந்த விண்ணப்பம் எந்த மேசைக்கு என்று சனம் பழையபடி எங்களையே கேட்கத் தொடங்கியது.

போன வருடம் கிண்ணத்தாருக்கு இடமாற்றம் வந்தது. கரையை விட்டுத் தள்ளி, கடலே கண்ணில் படாத ஒரு கந்தோர். அலுமாரியிலிருந்த போத்தல்களையும் கழுதையையும் கட்டிக்கொண்டு போனார். கோப்புகள் அலுமாரிக்குள் இறங்கின. கடிதங்களில் இறால் இல்லை, யன்னல்கள் திறந்திருக்கின்றன, மின்விசிறி சுற்றுகிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

போன மாதம் தொலைபேசியில் வந்தார். சுகம் விசாரிப்பார் என்று பார்த்தால், எடுத்தவுடனேயே தண்ணீர்.

"பிள்ளை, இஞ்சத்தைக் கிணத்தில மருந்துக்கும் உப்பில்லை. டெக்கல் கண்ணாடி மாதிரி வருது."

"பிறகென்ன அண்ணை, நீங்கள் தேடினது கிடைச்சிட்டுதே."

"கிடைச்சு என்ன? கரைப்பக்கத்துச் சனம் நேர்த்திக்கு போட் கேட்டு இஞ்சயும் தேடி வருகுது. நான் செய்யிறதெல்லாம் கடைக்குள்ள இருந்து இப்ப இறக்கின போட் மாதிரிக் கிடக்கு. ஒண்டாவது கடலுக்குப் போயிட்டு வந்தது மாதிரி இல்லை. எனக்கு உங்கட கிணத்தில ஒரு போத்தல் அள்ளி பஸ்ஸில போட்டுவிடுங்கோ."

"படுமோசம், தீவிலேயே கடைசி எண்டு எழுதினனீங்கள்?"

"ஓம் பிள்ளை, அதாலதான் கேக்கிறன். அதை விட மோசமான தண்ணி எனக்கு எங்க கிடைக்கும்?"

ஒரு மனிதர் என் கிணற்றை இதற்கு மேல் பாராட்ட முடியாது. போத்தலை மூன்று தரம் கழுவி, வாளியில் அள்ளி, வாய் முட்ட நிரப்பினேன். மூடியைக் கையில் எடுத்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு சொட்டை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். கிண்ணத்தாருக்குப் போகிற தண்ணீர், அதில் உப்புக் குறைந்திருக்கக் கூடாது.